கௌரவ டாக்டர் பட்டத்துக்கு மலையிலிருந்தும் பெயர் போகட்டும்

பட்டமளிப்பு விழா நெருங்கினால் இந்த வருஷம் யாருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் என்று பேப்பரில் வரும். பெரும்பாலும் நமக்கு ஏற்கெனவே தெரிந்த முகம்தான். சினிமா, அரசியல், இல்லையென்றால் பெரிய தொழிலதிபர். தகுதி இருக்கிறதா இல்லையா என்று ரெண்டு நாள் சண்டை போட்டுவிட்டு விட்டுவிடுவோம். அந்தப் பெயரை முதலில் எழுதிக் கொடுத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக நடப்பது இதுதான்: துணைவேந்தரோ ஆட்சிக்குழுவில் இருப்பவர்களோ ஒரு பெயரைக் கொண்டுவருவார்கள், ஆட்சிக்குழு தீர்மானம் போடும், அப்புறம் வேந்தரான ஆளுநர் ஒப்புதல் தர வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவே இல்லை. அவர்களுக்குத் தெரிந்தவர்களின் பெயரைத்தானே அவர்கள் சொல்ல முடியும்? எங்கள் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் இருக்கும் ஒரு விவசாயியின் பெயரோ, தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் ஒரு பளியர் பழங்குடிப் பெரியவரின் பெயரோ அந்த அறைக்குள் போக வழியே இல்லை.

கனடா, பிரிட்டன், அமெரிக்கா என்று பல நாடுகளில் பல பல்கலைக்கழகங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் பெயரைப் பரிந்துரைக்கலாம். ஒரு கடிதம், கூடவே அந்த ஆளின் வேலையை அறிந்த சிலரின் ஆதரவுக் கடிதங்கள், அவ்வளவுதான். பதவியில் இருக்கும் அரசியல்வாதிகளையும், அங்கேயே வேலை பார்ப்பவர்களையும் பல இடங்களில் சேர்ப்பதில்லை. பரிந்துரைக்கப்பட்டவருக்கே விஷயம் தெரியக்கூடாது என்பதும் விதி. கிடைக்காவிட்டால் மனம் நோகக் கூடாதே! அந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், பத்ம விருதையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எந்தக் குடிமகனும் இணையத்தில் ஒரு பெயரைப் பரிந்துரைக்கலாம். 2021இல் நீலகிரி அடிவாரத்தில் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டிக்கு, நூறு வயது தாண்டியும் காட்டில் வேலை செய்த இயற்கை விவசாயிக்கு, பத்மஸ்ரீ கிடைத்தது. 2023இல் பாம்பு பிடிப்பதில் தேர்ந்த இருளர் பழங்குடியினர் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் கிடைத்தது. நாட்டின் விருதுக்கே கதவு திறந்திருக்கும்போது பல்கலைக்கழகத்தின் கதவு மட்டும் ஏன் மூடியிருக்க வேண்டும்?

இதை நான் கொடைக்கானலில் இருந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 1984இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் எங்கள் அட்டுவம்பட்டியில் இருக்கிறது. பெண்களுக்கென்றே ஒரு அரசுப் பல்கலைக்கழகம், அதுவும் மலை மேல். நான் அங்கே படித்தவள், அந்தப் பெருமை எனக்கு எப்போதும் உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதற்காக உழைத்ததும் இந்தப் பல்கலைக்கழகம்தான். நல்ல வேலை. ஆனால் அந்தப் பூண்டை இத்தனை தலைமுறையாக விட்டுவிடாமல் வைத்திருந்தது யார்? பூம்பாறை, மன்னவனூர் வீடுகளில் இருக்கும் பெண்கள்.

பூம்பாறையில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், காரணம் மேலேயே இருக்கிறது. அறுவடை முடிந்ததும் விதைக்கு எடுப்பதை அவர் யாரிடமும் விடுவதில்லை. ஒவ்வொரு பூண்டாகக் கையில் எடுத்து, கட்டைவிரலால் அடியை அழுத்திப் பார்ப்பார். கொஞ்சம் அமுங்கினாலும் விற்பனைக் குவியலுக்குப் போய்விடும். கெட்டியாக இருப்பதைத் தாளோடு சேர்த்துக் கட்டி, அடுப்புப் புகை படுகிற இடத்தில் தொங்கவிடுவார். விலை ஏறும் காலத்தில் வியாபாரி வந்து நின்றாலும் அந்தக் கட்டில் கை வைக்க விடமாட்டார். அக்கம்பக்கத்தில் யாருக்காவது விதை அழுகிப்போனால் அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

இவருக்காக ஒரு பரிந்துரையை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கல்வித் தகுதி, வகித்த பதவிகள், வெளியிட்ட நூல்கள், பெற்ற விருதுகள் என்று வழக்கமான தலைப்புகளைப் போட்டால் ஒன்றிலும் எழுத எதுவுமில்லை. அந்தத் தலைப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே கேள்வியை வைத்தேன்: இவர் இல்லாமல் இருந்திருந்தால் எது இல்லாமல் போயிருக்கும்? உடனே பக்கம் நிறைய ஆரம்பித்தது. எந்த வருஷம் யாருக்கு எவ்வளவு விதை கொடுத்தார், இப்போது எந்தெந்தத் தோட்டத்தில் அது நிற்கிறது, எத்தனை மருமகள்கள் அவரிடம் கற்றுக்கொண்டார்கள் என்று எல்லாமே விசாரித்துச் சரிபார்க்கக்கூடிய விஷயங்கள். ‘தன்னலமற்ற’, ‘ஒப்பற்ற’ மாதிரி வார்த்தைகள் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

படிக்காதவருக்கு டாக்டர் பட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. கௌரவப் பட்டத்துக்குத் தேர்வும் கிடையாது, ஆய்வேடும் கிடையாது. நடிகருக்கும் அமைச்சருக்கும் கொடுக்கும்போது இந்தக் கேள்வி வருவதில்லையே. ஆனால் இராப்பகலாக உட்கார்ந்து பிஎச்.டி. முடித்த பிள்ளைகளின் வருத்தத்தை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். அது நியாயமானது. அதனால்தான் வருஷத்துக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு என்று நிறுத்த வேண்டும், பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறேன். நன்கொடை கொடுத்தவர் பட்டியலிலேயே வரக்கூடாது.

இல்லையென்றால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் அரங்கத்திலேயே ஒரு தனியார் அமைப்பு விழா நடத்தி, சினிமாக்காரர்கள் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் என்று ஒன்றைக் கொடுத்தது. கடைசியில் பல்கலைக்கழகம் போலீசில் புகார் கொடுக்க வேண்டி வந்தது. உண்மையான பட்டம் எப்படி முடிவாகிறது என்பது ஜனங்களுக்குத் தெரியாமல் இருப்பதால்தான் போலி இவ்வளவு சுலபமாக ஓடுகிறது.

இன்னொன்று, காலம். அதே 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சுதந்திரப் போராட்ட வீரர் என். சங்கரய்யாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தரத் தீர்மானம் போட்டது. 1941இல் பி.ஏ. இறுதித் தேர்வு நெருங்கும் நேரத்தில் ஆங்கிலேய அரசு அவரைக் கைது செய்தது, படிப்பு அதோடு நின்றது. அவருக்குப் பட்டம் தருவதைவிடப் பொருத்தமானது எது? வேந்தரான ஆளுநரின் கையெழுத்து வரவில்லை. நவம்பரில் சங்கரய்யா இறந்துபோனார். நூறு வயதைத் தாண்டிய ஒருவரைக் காக்க வைத்தது இன்னும் எனக்கு ஆறவில்லை. பரிந்துரைக்கு ஒரு கடைசித் தேதி இருப்பதுபோல, ஒப்புதலுக்கும் ஒரு கடைசித் தேதி இருக்க வேண்டும்.

மலையில் நான் சொல்லக்கூடிய பெயர்கள் பூண்டோடு முடியவில்லை. இங்கே 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தால் வந்த பாதிப்புக்கு நியாயம் கேட்டு, 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு வரும்வரை விடாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள். சோலைக்காட்டு மரங்களை விதையிலிருந்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பாறைத் தேன் எடுக்கத் தெரிந்த பளியர்களில் வயதானவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகவே, பழைய மாணவிகள் சேர்ந்து எங்கள் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு மனு கொடுக்கப் போகிறோம். பரிந்துரைப் படிவம் தமிழிலும் இருக்க வேண்டும், யாரும் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வர வேண்டும், ஊராட்சி அலுவலகங்களிலும் அதை ஒட்ட வேண்டும். கையெழுத்துப் போட விரும்பும் பழைய மாணவிகள் எந்த வருஷம், எந்தத் துறை என்று எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். யாரையாவது பரிந்துரைக்க நினைப்பவர்கள் இப்போதே விவரம் சேகரிக்கத் தொடங்கிவிடுங்கள். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.