கழுத்துக் கறுப்பு அழுக்கு அல்ல

போன மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பதினான்கு வயது மகளைக் கொல்லைப்புறத்தில் உட்காரவைத்து, பயற்றம்மாவும் எலுமிச்சைத் தோலுமாகப் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அக்கா. “என்ன தேய்த்தாலும் இந்த அழுக்கு போகமாட்டேன் என்கிறது.” தோல் சிவந்துவிட்டது. பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அது அழுக்கே அல்ல. பருமனான பிள்ளைகளுக்குக் கழுத்திலும் அக்குளிலும் தோல் வெல்வெட்டுப்போல் தடித்துக் கறுத்தால், பெரும்பாலும் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படவில்லை என்று அர்த்தம். தேய்த்துப் பயனில்லை; எடை குறையக் குறையத்தான் மங்கும்.

மறுநாளே கிளினிக்குக்குப் போனோம். “சோற்றைக் குறை, ஓடு” என்று பிள்ளையிடம் இரண்டு நிமிடம் பேசி அனுப்பிவிட்டார்கள். பக்கத்திலேயே நின்ற அக்காவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த வீட்டில் உலை வைப்பது யார்? டின் பாலை ஊற்றித் தேநீர் கலக்குவது யார்? இரவு பத்து மணிக்கு மேகி கோரெங் (வறுத்த மேகி நூடுல்ஸ்) வாங்கி வருவது அத்தான். பிள்ளைக்கு மட்டும் பாடம் நடத்தி என்ன செய்ய?

ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய பாட்டி விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நிரை நிரையாக நடந்து உழைத்தார். தட்டு நிறையச் சோறு அவருக்குத் தேவைப்பட்டது. தோட்டத்தை விட்டு வந்த பிறகும் அதே தட்டைத்தான் நிரப்புகிறோம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4. அந்த வரிசையில் நம் பிள்ளைகளை நிறுத்தலாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோயிலிலும் கல்யாணத்திலும் “என்னடி, யானைக்குட்டி!” என்று கூப்பிடும் சொந்தக்காரர்களே, நிறுத்துங்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் அவள் உடற்கல்வி வகுப்புக்குப் போகாமல் ஒளிகிறாள், அறைக்குள் மறைத்துவைத்துச் சாப்பிடுகிறாள். பட்டினி போடுவதும் வேண்டாம், வளரும் வயது. உயரம் கூடும்போது எடை கூடாமல் நின்றாலே பெரிய முன்னேற்றம்.

சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ (மலாயில் ‘கால், கால், பாதி’) தட்டை அக்காவுக்கு வரைந்து காட்டினேன்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். “வீட்டில் எல்லாருக்கும் இதேதான்” என்றேன். அத்தான் மூன்று நாள் முணுமுணுத்தாராம். இப்போது மாலையில் மகளோடு அவரும் கோயில்வரை நடக்கிறார்.

இரத்தப் பரிசோதனைக்கு வரும் வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். நான்கு பேரும் போகிறோம். இந்த முறை கேள்விகளை அக்காவே எழுதி வைத்திருக்கிறார்.