காரடையான் நோன்பும் பெரியம்மாவின் சரடும்

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் நேரம் சில வருடம் விடிகாலையில் வரும், சில வருடம் நள்ளிரவில். எப்போது வந்தாலும் அதற்குள் அடை வேகவைத்து, இலை போட்டு, மாசி இருக்கும்போதே கழுத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டுவிட வேண்டும். கணவனின் ஆயுளுக்காகப் பெண்கள் நோற்கும் இந்தக் காரடையான் நோன்புதான் எனக்கு மிகவும் பிடித்த பண்டிகை. பிடித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் அடையின் பதம் தெரிந்தவர் பெரியம்மா. பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி, மாவாக்கிச் சிவக்க வறுப்பார். வெல்லத் தண்ணீர் கொதித்ததும் காராமணியும் தேங்காய்ப் பல்லும் போட்டு, மாவைக் கட்டி தட்டாமல் கிளறுவார். பெரியப்பா போன பிறகும் அடை அவர் கையால்தான். ஆனால் சரடு கட்டும் நேரத்துக்குப் பின்கட்டுக்குப் போய்விடுவார். போகச் சொன்னவர் யாரும் இல்லை. போகாதீர்கள் என்று தடுத்தவரும் இல்லை.

இது சாவித்திரியின் நோன்பு. மகாபாரதத்தின் வனபர்வத்தில், மார்க்கண்டேயர் தருமருக்குச் சொல்லும் கதை. அதில் எமனோடு அவள் பேசுவதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் மனதில் நிற்பது அதற்கு முந்தைய ஒரு வருடம். சத்தியவானை அவளே தேர்ந்தெடுக்கிறாள். ஒரே வருடத்தில் அவன் இறந்துவிடுவான் என்று நாரதர் சொன்ன பிறகும் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த நாளைத் தன் மனதுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு, காட்டில் மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்கிறாள். கடைசி மூன்று இரவும் உபவாசம். அப்புறம் எமன் வரம் தரும்போது முதலில் கேட்பது என்ன? பார்வை இழந்த மாமனாருக்குக் கண். அடுத்து, அவர் பறிகொடுத்த ராஜ்யம். பிறகு தன் தகப்பனாருக்குப் பிள்ளைகள். சத்தியவானின் உயிர் கடைசியில்தான் வருகிறது. குடும்பத்தில் ஒருவரையும் விட்டுவிடாமல் நினைத்தவள் அவள். அவள் பெயரால் நோற்கும் நோன்பில், வீட்டின் மூத்த பெண்ணை நாம் பின்கட்டில் விடுகிறோம்.

“கணவனுக்காகச் செய்வது, கணவன் இல்லாதவர் எப்படிச் செய்வது?” என்று கேட்பார்கள். சரி, கல்யாணமாகாத பெண் குழந்தைகளும்தானே மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிறார்கள்? “உருகாத வெண்ணெயும் ஓரடையும்” என்று அவர்களும்தானே சொல்கிறார்கள்? பாவாடை கட்டிய குழந்தைக்கு இல்லாத கணவனுக்காக வேண்டிக்கொள்ளலாம் என்றால், ஐம்பது வருடம் ஒருவரோடு வாழ்ந்த பெண் தன் பிள்ளைகளுக்காகவும் பேத்திகளுக்காகவும் ஏன் வேண்டிக்கொள்ளக் கூடாது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் கர்ப்பிணிகளையும் நள்ளிரவு வரை பட்டினி போடாதீர்கள். அவர்கள் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கும்பிடட்டும்.

வரும் நோன்புக்கு எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்கும் ஒரு நுனி இலை போடப்போகிறோம். என் பெண்ணுக்குச் சரடு கட்டப்போவதும் அவர்தான். அவரிடம் கேட்டுவிட்டேன். முதலில் வேண்டாம் என்றார். பிறகு, எத்தனை பேருக்கு அரிசி ஊறவைக்க வேண்டும் என்று கேட்டார்.