குச்சி மட்டும் கையில் வந்தது

குச்சி மட்டும் கையோடு வந்துவிட்டது. ஐஸ் அச்சுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தங்கை பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு தட்டோடு எதிரில் நிற்கிறார்கள். "பெரியம்மா, ஐஸ் எங்கே?" என்று கேட்கிறாள் சின்னவள். நான் என்ன பதில் சொல்வது?

"சர்க்கரை வேண்டாம், எதுவுமே வேண்டாம், தர்பூசணி மட்டும் போதும், ஐந்தே நிமிட வேலை" என்று குச்சி ஐஸ் செய்யச் சொல்லி வீடியோ போட்ட அத்தனை பேர் மீதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உங்களில் ஒருவராவது அந்த ஐஸை அச்சிலிருந்து உருவி எடுப்பதை முழுசாகக் காட்டினீர்களா? கை குச்சியைப் பிடிக்கிறது, அதோடு காட்சி முடிகிறது. அடுத்த காட்சியில் தட்டில் ஆறு ஐஸ், மேலே புதினா இலை. நடுவில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அது தெரியாமல்தான் காலையில் இருந்து அடுப்படியில் நின்று அல்லாடுகிறேன்.

ஐந்து நிமிடமாம். விதை எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. விதையோடு மிக்ஸியில் போட்டால் மண்ணைக் கடித்த மாதிரி நறநறவென்று இருக்கும் என்பதால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்தேன். அரைத்து, வடிகட்டி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, "விளிம்பு வரை ஊற்றுங்கள்" என்று வீடியோவில் ஒரு பெண் சொன்ன மாதிரியே விளிம்பு வரை ஊற்றினேன். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பருத்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அந்த நேரத்தில் யாருக்கு நினைவு வரும்? சமையல் சொல்லித் தருகிறவர் அல்லவா "மேலே ஒரு விரல் அளவு இடம் விடுங்கள்" என்று சொல்ல வேண்டும்? ராத்திரியோடு ராத்திரியாகச் சாறு பிதுங்கி மூடியைத் தூக்கி, வழிந்து, அச்சு மொத்தமும் ஃப்ரீசர் தட்டோடு ஒட்டிக்கொண்டது.

காலையில் இழுத்தால் அசையவில்லை. கத்தியை எடுத்தேன். அம்மா பின்னால் இருந்து கத்தினார், "கத்தி போடாதே, கேஸ் போயிடும்!" அம்மா சொன்னது சரிதான். எங்கள் வீட்டில் இருப்பது பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அந்த ஃப்ரீசர் தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடுகிறது. கத்தி முனை ஒரு இடத்தில் குத்தினால் போதும், கதை முடிந்தது. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அச்சைச் சுற்றிப் போட்டு, ஆறினதும் மறுபடி நனைத்து, இப்படியே இருபது நிமிடம். கத்திரி வெயிலில், ஃப்ரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு!

சரி, அச்சு வந்தது. முதல் ஐஸ், குச்சி மட்டும் வந்ததைச் சொல்லிவிட்டேன். மரக்குச்சி மிதக்கும். தர்பூசணிச் சாறு தண்ணீர் மாதிரி இருக்கிறது, அதில் குச்சி எப்படி நிற்கும்? ராத்திரி முழுக்க மேலே மிதந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நுனி மட்டும் ஐஸில் பிடித்திருக்கிறது. ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்து, சாறு கூழ் பதத்துக்கு வந்த பிறகு சொருக வேண்டும். இதையும் யாரும் சொல்லவில்லை.

இரண்டாவதை முறுக்கி இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம், பாதி ஐஸ் கையில், பாதி உள்ளே. மூன்றாவதை இழுக்காமல் குழாயடியில் காட்டினேன். மதுரையில் மே மாதம் பதினோரு மணிக்குக் குழாயைத் திறந்தால் என்ன வரும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மொட்டைமாடித் தொட்டியில் கொதித்த தண்ணீர் வந்தது. ஓரம் முழுக்க இளகி, ஐஸ் வழுக்கி, ராத்திரி சாம்பார்ப் பாத்திரம் ஊறிக்கொண்டிருந்த தொட்டிக்குள் விழுந்தது. சிவப்பாக, முழுசாக, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

நான்காவது ஒழுங்காக வந்தது. பெரியவன் வாங்கி இரண்டு இழுப்பு இழுத்தான். அவ்வளவுதான், சிவப்பு போய்விட்டது. கையில் இருந்தது வெள்ளைக் கட்டி. "பெரியம்மா, இது வெறும் ஐஸ்" என்று நீட்டுகிறான்.

சர்க்கரை வேண்டாம் என்றவர்களே, இப்போது சொல்லுங்கள். தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். இனிப்பு 6 சதவீதத்தை ஒட்டித்தான். உறையும்போது தண்ணீர் தனியாகக் கட்டிக்கொண்டு, இனிப்பையும் நிறத்தையும் ஓரம் தள்ளிவிடும். போதிய சர்க்கரை இருந்தால் அந்தப் பாகு கட்டிக்குக் கட்டி நடுவில் உறையாமல் நின்று, பல்லில் கடிக்கிற பதத்தைக் கொடுக்கும். இல்லாவிட்டால் கல்லு. உறிஞ்சினால் இருக்கிற கொஞ்சம் பாகும் முதலில் வாய்க்குள் போய்விடும், மிச்சம் பச்சைத் தண்ணீர்க் கட்டி. அதிலும் குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். கலக்கும்போது கொஞ்சம் திகட்டினால்தான் உறைந்த பிறகு சரியாக இருக்கும். அரை லிட்டர் சாறுக்கு 50, 60 கிராம் சர்க்கரை, அரை மூடி எலுமிச்சை. இதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாரத்துக்கு ஒரு நாள் பிள்ளை ஒரு ஐஸ் சாப்பிடுவதில் மூன்று ஸ்பூன் சர்க்கரை சேர்ந்தால் விஷம் என்கிற மாதிரி பேசுகிறீர்கள்!

கூடவே, வண்டியில் விற்கிற குச்சி ஐஸை மட்டம் தட்டாமல் ஒரு வீடியோகூட முடிவதில்லை. சுத்தம் பற்றிக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தொழில் தெரிந்தவர்கள் அவர்கள். ஐஸ் கம்பெனியில் உப்புத் தண்ணீர்த் தொட்டியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே பல டிகிரிக்குக் குளிரவைத்து, அதில் அச்சை இறக்குவார்கள். குளிர்ந்த காற்று உறையவைக்கிறதைவிடக் குளிர்ந்த தண்ணீர் பல மடங்கு சீக்கிரம் உறையவைக்கும். சீக்கிரம் உறைந்தால் கட்டி பொடிப்பொடியாக இருக்கும், நாக்கில் மெத்தென்று கரையும். வீட்டு ஃப்ரீசரில் ஆறு ஏழு மணி நேரம் மெதுவாக உறைகிறது, அதற்குள் பத்துப் பேர் பத்துத் தடவை கதவைத் திறக்கிறார்கள். அப்புறம் கட்டி கண்ணாடித் துண்டு மாதிரிதான் இருக்கும்.

மாம்பழத்தில் செய்திருக்கலாம். விழுதும் இனிப்பும் கெட்டியும் அதிலேயே இருக்கிறது, குச்சியும் நிற்கும். பிள்ளைகள் தர்பூசணிதான் கேட்டார்கள், அந்த வீடியோவை அவர்களும் பார்த்துவிட்டார்கள்.

மிச்சம் இரண்டையும் உடைத்து டம்ளரில் போட்டு, சர்க்கரையும் எலுமிச்சையும் கலந்து ஜூஸாகக் கொடுத்தேன். குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டார்கள். எனக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. ஒரு வாய் குளிர்ந்த தண்ணீர் குடிக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தால், வரிசையாக நான்கு பாட்டில். நான்கிலும் அடியில் ஒரு மடக்கு, அவ்வளவுதான். யார் இந்த வீட்டில் கடைசி மடக்கை மிச்சம் வைத்துவிட்டு, பாட்டிலை நிரப்பாமல் திரும்ப உள்ளே வைப்பது? யார்? இன்றைக்கு ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்காரட்டும், கேட்காமல் விடப்போவதில்லை.