முயலுக்குத் தானாகத் தெரியாது

"விஷச்செடி எதுவென்று முயலுக்குப் பிறவியிலேயே தெரியும், தோட்டத்தில் அவிழ்த்து விடுங்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து நம்ப வேண்டாம். கசப்பை ஓரளவு ஒதுக்கும், சரி. ஆனால் எந்தத் தழை தின்னத் தக்கது என்பதைக் குட்டி பெரும்பாலும் தாயிடமிருந்துதான் பழகுகிறது. கூண்டில் பிறந்ததற்கு அந்தப் பாடம் ஏது? அதன் பூர்வீகமும் ஸ்பெயின் பக்கம். கிருஷ்ணகிரி வேலியோர உன்னிச்செடியோ அமெரிக்காவிலிருந்து வந்த விஷச்செடி; அதை முயல் பிறவியிலேயே எப்படி அறியும்?

வெட்டிப் போட்டிருந்த அரளித் தழையில் எங்கள் முயல் ஒரு நுனியைக் கடித்தே விட்டது; விரல் விட்டுத்தான் எடுத்தேன். அரளி காய்ந்தாலும் விஷம், இதயத்தைத் தாக்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது.

முயல் ஊமத்தை தின்றும் பிழைத்தது என்று சொல்கிறார்களே, அந்தக் கதையா? சில முயல்களின் ரத்தத்தில், ஊமத்தையில் உள்ள அட்ரோபின் என்ற விஷத்தைச் சிதைக்கும் நொதி உண்டு, அவ்வளவுதான். எல்லா முயலுக்கும் இல்லை.