மேடு போட்டது போதும், வேகத்தை அளப்போம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் இன்னொரு மேடு முளைத்திருக்கிறது. யாரோ வீடு கட்டி மிச்சமான சிமென்ட் கலவையைச் சாலைக்குக் குறுக்கே கொட்டி, இரவோடு இரவாகப் பூசிவிட்டார்கள். யார் செய்தது என்று தெருவுக்கே தெரியும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வீட்டுச் சிறுமியை ஒரு பைக் இடித்துத் தள்ளியது. கையில் மாவுக்கட்டோடு அவள் திண்ணையில் உட்கார்ந்திருப்பதை நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். இடித்தவன் நிற்கவில்லை. புகார் கொடுக்கலாம் என்றால் வண்டி எண்ணை ஒருவரும் கவனிக்கவில்லை. பெற்றவர்களின் கைக்கு எட்டியது சிமென்ட் மட்டும்தான்.

ஆனாலும் சொல்லியாக வேண்டும். அந்த மேடு யாரையும் காப்பாற்றாது. நம் நாட்டுச் சாலைகளுக்கு அளவு வகுக்கும் பொறியாளர்கள் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொன்னபடி வேகத்தடை என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அதிகம் அலுங்காமல் ஏறி இறங்க வேண்டும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும். எங்கள் மேட்டின் அகலம் ஒரு முழம். வெள்ளைக் கோடு கிடையாது, இரவில் பக்கத்தில் வரும்வரை கண்ணுக்கே தெரியாது. ஒழுங்காக ஓட்டிவரும் ஸ்கூட்டர்காரப் பெண்ணைத்தான் அது தூக்கிப் போடுகிறது. பறந்து வருகிறவன் சாக்கடை ஓரம் விட்டிருக்கும் இரண்டடி இடைவெளியில் வண்டியை நுழைத்து, வேகத்தைக் குறைக்காமலே போய்விடுகிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடப்பது அந்த இரண்டடியில்தான்.

எனக்கு வேறொரு வழி சரியாகப் படுகிறது. இங்கிலாந்தில் ‘கம்யூனிட்டி ஸ்பீட்வாட்ச்’ என்ற பெயரில் தெருக்காரர்களே வண்டிகளின் வேகத்தைக் கண்காணிக்கிறார்கள். காவல்துறை பயிற்சி கொடுக்கிறது. எங்கே நிற்கலாம் என்று இடத்தையும் அவர்களே பார்த்து ஒப்புக்கொள்கிறார்கள். தொலைவிலிருந்தே பளிச்சென்று தெரியும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று பேர் சேர்ந்து நிற்பார்கள். ஒருவர் கையில் வேகம் அளக்கும் கருவி. அது காட்டும் எண்ணை அவர் சொல்ல, அடுத்தவர் வண்டியின் எண், வகை, நிறம், நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். ஒளிந்து நிற்பது கிடையாது. வண்டியை மறிப்பது கிடையாது. ஓட்டுகிறவரோடு வாய்ப்பேச்சே கிடையாது. பட்டியல் காவல்துறைக்குப் போகும். அங்கே சரிபார்த்த பிறகு வண்டியின் உரிமையாளர் வீட்டுக்கு ஒரு கடிதம் போகும்: இந்தத் தேதியில், இந்தச் சாலையில், உங்கள் வண்டி இவ்வளவு வேகத்தில் சென்றது. அபராதம் இல்லை. அதே வண்டி திரும்பத் திரும்பச் சிக்கினால் காவலரே வீட்டுக்கு வரலாம், அல்லது அந்த இடத்தில் காவல்துறையே வந்து நின்று பிடிக்கலாம்.

“அபராதமே இல்லாத கடிதத்துக்கு எவன் பயப்படுவான்?” என்று என் தம்பி கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் தெருக்களில் பறக்கும் பைக்குகள் யார் பெயரில் பதிவாகியிருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அப்பா பெயரில். சில வீடுகளில் தவணைகூட இன்னும் முடிந்திருக்காது. அவர் நெய்வேலிக்கோ சிப்காட்டுக்கோ ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டு வந்து அசந்து தூங்குகிறவர். பையன் கல்லூரிக்குப் போகிறான், சாயங்காலம் நண்பர்களோடு சில்வர் பீச்சுக்குப் போகிறான் என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். தேவனாம்பட்டினம் சாலையில் அவன் எப்படிப் போகிறான் என்பதை அவர் ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். நாம் பார்க்கிறோம். பார்த்துவிட்டு “எந்த வீட்டுப் பிள்ளையோ” என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறோம்.

அந்த வீட்டுக்குக் காவல்துறை முத்திரையோடு ஒரு கடிதம் வரட்டும். அபராதம் என்றால் பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். கடிதம் அப்படியல்ல. தபால்காரரிடம் வாங்குகிற அம்மா பிரித்துப் படிப்பார். “நம் வண்டி எதற்கு அந்த நேரத்தில் அங்கே போனது?” என்று கேட்பார். சாப்பிட உட்காரும்போது அப்பா கேட்பார். பையனுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் கடிதத்தில் இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டே ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் சாவியைக் கொடுக்கும் அப்பா இருக்கிறார் என்று நான் நம்பவில்லை. தெரியாததால் கொடுக்கிறார்கள்.

வேகத்தைப் பற்றியும் நமக்குச் சரியாகத் தெரியவில்லை என்றே நினைக்கிறேன். “அறுபதில்தான் வந்தேன், அது ஒரு வேகமா?” என்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு முன்னால் குழந்தை ஓடிவந்தால், அதைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 8 மீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருக்கும். நல்ல சாலையில், நல்ல பிரேக் இருந்தால், இன்னும் 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் சுமார் 13 மீட்டர். 60 கிலோமீட்டரில் வருகிறவரோ பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே 16 மீட்டரைத் தாண்டிவிடுவார். அதாவது முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது வண்டி முழு வேகத்தில் கடக்கிறது. 13 மீட்டரில் குழந்தை இருந்தால் ஒன்று தொடக்கூட இல்லை, மற்றொன்று 60 கிலோமீட்டரிலேயே மோதுகிறது. மஞ்சக்குப்பத்திலிருந்து கடற்கரை வரை பறந்து போனாலும் மிச்சமாகும் நேரம் சில நிமிடங்கள்தான்.

நம் தெரு வெறும் சாலையும் அல்ல. அதுதான் வாசல். எதிர்வீட்டு ஆயா மார்கழியில் விடிவதற்கு முன்பே உட்கார்ந்து புள்ளி வைப்பவர். சாலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், வேறு இடமில்லை. ஒருநாள் ஆல்பேட்டைப் பக்கமிருந்து, புதுச்சேரியில் இரவைக் கழித்துவிட்டு வந்தவர்களோ யாரோ, இரண்டு பைக்குகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன. சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது கோலமாவுக் கிண்ணம் நசுங்கிக் கிடந்தது. ஆயாவின் புடவைத் தலைப்பில் சக்கரத்தின் தடம் மாவோடு பதிந்திருந்தது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதன் பிறகு அவர் படிக்கட்டின் மேல்தான் கோலம் போடுகிறார், உள்ளங்கை அகலத்துக்கு. அவருடைய வாசலை எடுத்துக்கொள்ள அந்தப் பையன்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 100க்கு 71 பேர் அதிவேகத்தால் இறந்தவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. இறப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம், 17,884 உயிர்கள். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான ஆபத்து நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலரும் கவனிக்காத சிக்கல். மத்திய அரசின் 2018 அறிவிப்பின்படி நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, பைக்குக்கு 60 கிலோமீட்டர் வரை அனுமதி. இதைவிடக் குறைந்த வரம்பை யாரும் அறிவிக்காத தெருவில் 58இல் சீறிப்போகிற பையன் காகிதத்தில் குற்றம் செய்யாதவன். தன்னார்வலர்கள் எதை மீறியதாக எழுதுவது? ஆகவே முதலில் வரம்பு வேண்டும். அதற்கு வழி மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. 112ஆவது பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காக இன்னும் குறைந்த வேகத்தை நிர்ணயிக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கிலோமீட்டர் என்று அறிவித்தது. மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30க்கு மேல் வேண்டாம் என்று உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் 2020 ஸ்டாக்ஹோம் பிரகடனமும் சொல்கிறது. வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பர் முதல் ஊருக்குள் பொதுவான வரம்பு 20 மைல், நம் கணக்கில் 32 கிலோமீட்டர். சென்னைக்குப் பொருந்துவது கடலூருக்குப் பொருந்தாதா? நம் தெருக்கள் இன்னும் குறுகல்.

அடுத்தது நான் மிகவும் யோசித்த விஷயம். பொதுமக்களிடம் காவல் வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1993இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ‘காவல்துறை நண்பர்கள்’ இயக்கத்தை, சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த கொடுமையை அடுத்து, அதன் ஆட்கள் மீதும் புகார் எழுந்த நிலையில், 2020 ஜூலையில் அரசு தடை செய்தது. எனவே யார் கையிலும் லத்தி வேண்டாம், அடையாள அட்டையைக் காட்டி மிரட்டும் வேலை வேண்டாம், வண்டியை நிறுத்தும் உரிமை அறவே வேண்டாம். கருவி, நோட்டுப் புத்தகம், மேலங்கி, அவ்வளவுதான். கருவியின் பதிவை வைத்து அபராதம் விதிக்க அந்தக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்த்த விதி சொல்கிறது. நாம் எடுக்கும் கணக்கு கடிதத்துக்கு மட்டும் பயன்பட்டால் போதும். எடுத்த படத்தையோ வண்டி எண்ணையோ வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவரை அன்றைக்கே நீக்கிவிட வேண்டும். ஒரு பையனை ஊர் முன்னால் அவமானப்படுத்துவது நம் வேலையல்ல.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே எழுதுகிறேன். நம் மாவட்டத்தில் ‘அந்தப் பக்கத்துப் பையன்கள் நம் தெருவுக்குள் வண்டியில் வருகிறார்கள்’ என்ற பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். வேகத்தைச் சாக்கு வைத்து இன்னொரு தெருப் பிள்ளைகளைக் குறிவைக்கும் கூட்டமாக இது மாறுமானால், தொடங்காமலே இருப்பது நல்லது. கருவி வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணமே இதுதான். கருவிக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. 30ஐ மீறிய ஒவ்வொரு வண்டியையும் எழுத வேண்டும். கவுன்சிலர் வண்டியானாலும், தண்ணீர் லாரியானாலும், நம் சொந்த மச்சானின் காரானாலும். நிற்கிற குழுவிலும் எல்லாத் தெருக்காரர்களும் இருக்க வேண்டும், பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

யார் நிற்பார்கள் என்ற கவலை எனக்கு இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், குடும்பத்தலைவிகள், பெரியார் கலைக் கல்லூரி மாணவர்கள், வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடிய எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஹெல்மெட் போடச் சொல்லி வண்டிக்குப் பின்னால் கத்திக் கத்தித் தொண்டை வறண்டவர்களுக்கு, சத்தம் போடாமல் செய்கிற ஒரு வேலை கிடைக்கும்.

வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்ப்பு நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். கேட்கப்போவது மூன்று: குடியிருப்புத் தெருக்களுக்கு 30 என்று முறையான அறிவிப்பும் பலகையும், காவல்துறை பயிற்சியோடு இரண்டு தெருக்களில் மட்டும் ஆறு மாதச் சோதனை, நாங்களாகப் போட்ட மேடுகளை எடுத்துவிட்டு அளவுப்படி வேகத்தடை. மனுவில் அந்தச் சிறுமியின் அப்பா முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். வண்டிப்பாளையம், செம்மண்டலம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் நண்பர்கள் தங்கள் தெருக்களுக்கும் இது வேண்டும் என்றால், தெருவின் பெயரையும் எந்த நேரத்தில் தொல்லை அதிகம் என்பதையும் கீழே எழுதுங்கள், இணைப்பில் சேர்த்துக்கொள்கிறோம். காலை 9.30க்கு ஆட்சியர் அலுவலக வாசலில் இருப்போம்.