அது கேபிள் இல்லய்யா, ஆயில்!

ஆயில் அழுத்தத்துல புடிக்கிற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வெச்ச சைக்கிளை விக்கத் தெரியுதுல்ல? "ஒரு விரல் போதும் சார், அப்படியே நிக்கும்"னு லீவரை அமுக்கிக் காட்டத் தெரியுதுல்ல? அதே பிரேக் மக்கர் பண்ணா மட்டும் ஏன்யா ஆளாளுக்கு முழிக்கிறீங்க?

நான் சேலத்துலருந்து ஏற்காடு ஏறி இறங்குறவன். 20 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்துல லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டுனா அடிவயிறு என்ன பாடுபடும்னு கல்லாவுல உக்காந்திருக்கிறவருக்கு எங்க தெரியப்போகுது? கடையில கொண்டுபோய் விட்டேன். மெக்கானிக் தம்பி எடுத்த எடுப்புலயே சைக்கிளைத் தலைகீழாக் கவுத்தாரு. "கேபிள் லூசா இருக்கும் சார், டைட் வெச்சுடலாம்." கேபிளே இல்லாத பிரேக்குல எதைடா டைட் வெப்ப?

லீவர் தொளதொளன்னு இருந்தா நாலஞ்சு தடவை மடமடன்னு அமுக்கிப் பாக்கணும். அப்படியே கெட்டியானா உள்ள காத்து புடிச்சிருக்கு. ஆயில் அமுங்காது, காத்து அமுங்கும், அவ்வளவுதான் விஷயம். ப்ளீடிங் பண்ணிக் காத்தை வெளியேத்தணும். அதுவே, புடிச்ச புடியை விடாம அழுத்துறப்ப லீவர் மெல்ல மெல்ல உள்ள போய்க்கிட்டே இருந்தா எங்கயோ கசியுது, இல்ல சீல் போயிருக்கு. இதைக் கண்டுபுடிக்க ஒரு ஸ்பேனர்கூட வேணாம். லீவர்கிட்ட இருக்கிற குட்டி டேங்க்ல மேலாகத் தங்கியிருக்கிற காத்து, சைக்கிளைக் கவுத்தா நேரா ஓஸுக்குள்ள இறங்கிடும். வியாதியே அதுதான், வைத்தியமும் அதேவா?

அப்புறம் வீலைக் கழட்டிட்டு, நடுவுல எதையும் சொருகாம லீவரை ஒரு அமுக்கு. பேடைத் தள்ளுற பிஸ்டன் ரெண்டும் வெளிய வந்து, பிரேக் கட்டை மாதிரி இருக்கிற பேடு ரெண்டும் ஒட்டிக்கிச்சு. வீலோட சுத்துற தட்டு, அதான் ரோட்டர், எப்படி உள்ள போகும்? ஸ்க்ரூடிரைவரை எடுத்து நெம்புறாரு! ஷிமானோ கம்பெனி பிரேக்குல பல காலிப்பர்ல, அதான் பிஸ்டனும் பேடும் உக்கார்ற கூடு, பிஸ்டன் செராமிக், ஓரம் சில்லு பேந்துடும். பேடைக் கழட்டி வெச்சுட்டு பிளாஸ்டிக் டயர் லீவரால பதமாத் தள்ளுனா தானா உள்ள போகும்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஸ்கூட்டருக்கு ஊத்துற பிரேக் ஆயிலைத் தூக்கிட்டு வர்றாரு. "பிரேக் ஆயில்னா எல்லாம் ஒண்ணுதானே சார்." ஒண்ணு இல்லய்யா! அது டாட் ஆயில். ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் கம்பெனி பிரேக்குல பெரும்பாலும் டாட், சில புது மாடல் மட்டும் மினரல். மாத்தி ஊத்துனா சீல் உப்பி, லீவர்லருந்து காலிப்பர் வரைக்கும் மொத்தமும் குப்பைக்குத்தான். நான் பாட்டிலைப் புடுங்கலைன்னா அன்னிக்கே சோலி முடிஞ்சிருக்கும். மினரல் ஆயில் இருக்கான்னு கேட்டா ஸ்டாக் இல்லையாம். ஆயில் ஏத்துற சிரிஞ்ச்? அதுவும் இல்லையாம். இந்த லட்சணத்துல வாசல்ல வரிசையா நிக்கிறது பூராவும் ஹைட்ராலிக் வண்டி.

பக்கத்துல ஒரு காலேஜ் பையன் சைக்கிள், பிரேக் புடிச்சா கீச்சுனு கத்துதுன்னு வந்திருந்தான். அதுக்கு ரோட்டர் மேலயே ஸ்ப்ரே ஆயில் அடிச்சு விட்டாங்க. சத்தம் நின்னுச்சு, கூடவே பிரேக்கும் நின்னுச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு ரோட்டரைத் தொடைச்சிடலாம், ஆனா எண்ணெய் குடிச்ச பேடு தேறுறது கஷ்டம். பாவம், புதுப் பேடுக்கு அவன்தான் காசு குடுக்கணும்.

கடைசியா முதலாளி எந்திரிச்சு வந்தாரு. லீவரை ரெண்டு தட்டு தட்டுனாரு. "இது ரிப்பேருக்கு வராதுங்க. பேசாம எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டு புதுசு எடுத்துக்கங்க, ஆஃபர் ஓடுது."

அந்தப் புதுசுலயும் ஹைட்ராலிக் டிஸ்க்தான்!