காதை வைத்து ஒரு தரவரிசை

பாப், ராக் கலைஞர்களில் யார் பெரியவர் என்ற பேச்சு எங்கே எழுந்தாலும் கடைசியில் இரண்டு கேள்விகளில்தான் வந்து நிற்கிறது. யாருடைய விரல் வேகம்? யாருடைய குரல் அதிக உயரம் எட்டும்? அப்புறம் விற்பனைக் கணக்கு ஒன்று வரும். இந்த மூன்றிலும் எனக்கு எப்போதோ ஆர்வம் போய்விட்டது. பல வருடங்களாக நான் திரும்பத் திரும்பக் கேட்கிற ஆல்பங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இதையெல்லாம் செய்தவர்களிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தோன்றியது காது. பாட்டைப் பதிவு செய்த அறையில் இருந்த மற்ற எல்லோரையும்விட இவர்கள் நன்றாகக் கேட்டிருக்கிறார்கள். என் முதல் ஐந்து பேரை அதை வைத்தே வரிசைப்படுத்துகிறேன்.

சண்டைக்கு இழுக்கக்கூடிய பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது இடம் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாருக்கு. பீட்டில்ஸ் நால்வரையும் சேர்த்து ஒரே இடத்தில் உட்கார வைப்பதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவற்றின் அருமை எனக்கும் தெரியும். ஹாரிசனின் கிட்டார் மீது எனக்குத் தனிப் பிரியமே உண்டு. ஆனால் அந்த மூவரும் எதைக் கொண்டுவந்து வைத்தாலும், இந்தப் பாட்டுக்கு என்ன வேண்டும் என்று காதுகொடுத்துக் கேட்டு, அதை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்திக்கொண்டவர் ரிங்கோ. அவர் இடது கைக்காரர். ஆனால் வலது கைக்காரர்களுக்கு ஏற்றபடி அடுக்கிய டிரம்ஸில் உட்கார்ந்து வாசித்தார். அதனால் ஒரு டிரம்மிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது மற்றவர்களுக்கு எளிதாக வருகிற வழி அவருக்கு வராது. கை கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அவர் உருட்டல்களில் கேட்கும் அந்தத் தளர்ந்த, தயங்கித் தயங்கி விழுகிற நடை அங்கிருந்து வருவது. 1966-இல் வந்த ‘ரெய்ன்’ பாட்டைப் போட்டு, குரலை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். குரல் ஓய்கிற இடம் பார்த்து நுழைவார், குரல் வந்ததும் ஒதுங்கிக்கொள்வார். தனி ஆவர்த்தனம் வாசிப்பதில் அவருக்கு விருப்பமே கிடையாது. பீட்டில்ஸில் இருந்த அத்தனை வருடத்தில் டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும்படி அவர் வாசித்துப் பதிவானது ஒரே ஒரு முறை, 1969-இல் வந்த ‘ஆபி ரோட்’ ஆல்பத்தின் முடிவில். அதுவும் மற்றவர்கள் வற்புறுத்திய பிறகு.

நான்காவது பிரின்ஸ். 1978-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்தவர் என்பதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். என்னை அவரிடம் கட்டிப்போட்டது 1984-இல் வந்த ‘வென் டவ்ஸ் க்ரை’. அந்தப் பாட்டில் பாஸ், அதாவது அடியில் ஓடுகிற கனத்த கீழ்ஸ்வர வாசிப்பு, கிடையாது. முதலில் பாஸ் இருந்தது. பாட்டு கிட்டத்தட்ட முடிந்த நிலையில் அவரே அதை நீக்கிவிட்டார். ஆட வைக்க வேண்டிய பாட்டில் பாஸை எடுப்பது கட்டி முடித்த வீட்டின் அடியிலிருந்து அஸ்திவாரத்தை உருவுவது மாதிரி. ஆனால் பாட்டு விழவில்லை. அதில் இருக்கிற தவிப்பு முழுவதும் அந்தக் காலி இடத்திலிருந்துதான் வருகிறது. அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று மைக்கேல் ஜாக்சனிடம் உண்டு. ‘பில்லி ஜீன்’ பாட்டின் தொடக்க இசை நீளமாக இருக்கிறது, குறைத்துவிடலாம் என்றார் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ். அந்தத் தொடக்கம்தான் தன்னை ஆட வைக்கிறது என்று சொல்லி மைக்கேல் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த டிரம்ஸும் பாஸும் குரல் வராமலே அரை நிமிடத்துக்கு நடந்துகொண்டிருப்பதை இன்று கேட்டால் அவர் பிடிவாதம் எவ்வளவு நியாயம் என்று தெரியும். ஆனாலும் என் ஐந்தில் அவர் இல்லை. ‘ஆஃப் த வால்’, ‘த்ரில்லர்’ ஆல்பங்கள் இரண்டிலும் கேட்ட காதுகளில் பாதி குவின்சி ஜோன்ஸுடையது. அந்தப் பாதியை மைக்கேல் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஃபிரெடி மெர்க்குரி ஐந்தாவது. அவர் விஷயத்தில் வெகுநாள் தயங்கினேன். ஒன்றின்மேல் ஒன்றாகக் குரல்களை அடுக்கி, ஒரு பாட்டுக்குள் மூன்று பாட்டை வைப்பவர். என் அளவுகோலுக்குள் அடங்குவாரா என்று சந்தேகம். 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் நடந்த ‘லைவ் எய்ட்’ பதிவை மறுபடி பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரம்தான் அவருடைய குயின் குழுவுக்குக் கிடைத்தது. நடுவில் வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு ராகத் துணுக்கைப் பாடிவிட்டு அவர் நிறுத்துகிறார். 70,000 பேருக்கு மேல் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். அது முடியும்வரை அவர் காத்திருக்கிறார். எவ்வளவு தூரம் கூட வருகிறார்கள் என்று கேட்டுவிட்டு, அடுத்ததை அதைவிடக் கொஞ்சம் கடினமாகக் கொடுக்கிறார். அவ்வளவு பெரிய கூட்டத்தை எதிரே உட்கார்ந்து வாசிக்கிற ஒரே ஆளைப் போலக் கேட்கத் தெரிந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

ஸ்டீவி வொண்டரை இரண்டாவது இடத்தில் வைப்பதற்கு எனக்கே வருத்தம்தான். 11 வயதில் மோடவுன் என்ற இசைப்பதிவு நிறுவனத்தில் சேர்ந்தவர், 13 வயதில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தவர். 21 வயது ஆனதும், எதைப் பதிவு செய்வது, எப்படிச் செய்வது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையை நிறுவனத்திடம் பேசி வாங்கினார். அதற்குப் பிறகு 1972-இலிருந்து 1976 வரை ஐந்து ஆல்பங்கள். அவற்றில் மூன்றுக்கு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. இடையில் 1976-இல் அதே விருதை வாங்கிய பால் சைமன், இந்த வருடம் ஆல்பம் எதுவும் போடாமல் இருந்ததற்காக ஸ்டீவிக்கு மேடையிலேயே நன்றி சொன்னார்.

விருதுகள் இருக்கட்டும். ‘சூப்பர்ஸ்டிஷன்’ பாட்டை ஹெட்போனில் போட்டு, முதல் சில வினாடிகளை மட்டும் கேளுங்கள். வெறும் டிரம்ஸ். வாசிப்பவர் ஸ்டீவிதான். பெரிய டிரம் ஒரே சீராக நடந்துகொண்டிருக்கும். ஹைஹேட், அதாவது காலால் மிதித்துத் திறந்து மூடுகிற ஜோடித் தட்டுகளை மட்டும் கவனியுங்கள். ஒரு சுற்றில் ஒட்டி மூடியிருக்கும், இன்னொரு சுற்றில் லேசாகத் திறந்து ‘ஸ்ஸ்’ என்று மூச்சு விடும், வேறொன்றில் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு பொடித் தட்டு கூடுதலாக நுழையும். அப்புறம் கிளாவினெட் என்ற மின்சாரக் கீபோர்டு வருகிறது. அதுவும் அவர்தான், ஒன்றின்மேல் ஒன்றாகப் பல தடவை பதிந்தது. அடியில் சிந்தசைசரில் ஓடுகிற பாஸும் அவரே. இன்னும் வராத கிளாவினெட்டுக்கு வேண்டிய இடத்தை அந்த டிரம்ஸ் முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டது. நூறு தடவையாவது கேட்டிருப்பேன், அந்த ஹைஹேட்டில் இன்னமும் புதிதாக ஏதாவது ஒன்று அகப்படுகிறது.

ஹெண்ட்ரிக்ஸ் எங்கே, அரீதா ஃபிராங்க்ளின் எங்கே, டேவிட் போவி எங்கே என்று கேட்பீர்கள். மூவருமே ஆறாவது இடத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அதிலும் அரீதா, 1965-இல் ஓட்டிஸ் ரெட்டிங் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ பாட்டை இரண்டே வருடத்தில் தலைகீழாகத் திருப்பி, ஒரு பெண் எழுந்து நின்று கேட்கிற கேள்வியாக்கிய காரியம் சாதாரணமானதா? நாளைக்கே அவர் மேலே ஏறிவிடலாம்.

சரி, முதலிடம். ஜோனி மிட்செல்.

ஒன்பது வயதில் அவருக்குப் போலியோ வந்தது. இடது கை பலவீனமானது. கிட்டார் கற்கும்போது வழக்கமான பிடிகளில் பல அந்தக் கைக்கு வரவில்லை. அவர் என்ன செய்தார் என்றால், கம்பிகளின் சுருதியையே மாற்றினார். காதில் ஒலிக்கிற ஸ்வரக்கட்டு வரும்வரை முறுக்கிக்கொண்டே போய், கைக்கு எட்டுகிற ஒரு எளிய பிடியில் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார். இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருதி அமைப்புகள். 1971-இல் வந்த ‘ப்ளூ’ ஆல்பத்தைக் கேட்கிறவர்கள் அந்தக் கிட்டார் ஏன் வேறு எவருடையதைப் போலவும் ஒலிக்கவில்லை என்று வியப்பதன் காரணம் இதுதான்.

‘போத் சைட்ஸ் நவ்’ அவர் இருபதுகளில் எழுதிய பாட்டு. 1969-இல் 25 வயதில் அவர் அதைப் பாடிய பதிவு ஒன்று இருக்கிறது. மெல்லிய, உயரமான குரல், கூடவே கிட்டார், வேறொன்றும் இல்லை. 2000-இல் 56 வயதில் முழு ஆர்கெஸ்ட்ராவோடு மறுபடி பாடினார். குரல் நன்றாக இறங்கி, கரகரத்து, பழைய வேகத்தில் பாதிதான். இழந்த உயரத்தை எட்டிப் பிடிக்க அவர் முயலவே இல்லை. தன் குரலில் இப்போது என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டு, அதற்கு ஏற்றபடி ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக வைக்கிறார். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு உடனே எழுந்து வேறு வேலை பார்க்க என்னால் முடிந்ததே இல்லை.

2015-இல் மூளையில் ரத்தக்குழாய்ச் சிக்கல் வந்து, நடப்பதையும் பேசுவதையும்கூட அவர் மறுபடி கற்க வேண்டியிருந்தது. கிட்டாரும் மறந்து போயிருந்தது. தன்னுடைய பழைய வீடியோக்களைப் பார்த்து, விரலை எங்கே வைத்தேன் என்று தன்னிடமே பாடம் படித்தார். 2022 ஜூலையில், 78 வயதில், நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் நாற்காலியில் உட்கார்ந்து அதே ‘போத் சைட்ஸ் நவ்’ பாட்டைப் பாடினார். அன்று ஒரு பாட்டை மட்டும் அவர் பாடவில்லை. எழுந்து நின்று, எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் வாசித்தார். சில இடங்களில் விரல் தயங்குகிறது. ஸ்வரம் தயங்கவில்லை. நேற்று இரவும் அதைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.